பின்வாசல் கேட்ட வீடு

“அவையோரே” என்று விளித்துத் தொடங்கியே பழகிய நாக்கு என்னுடையது. இன்று அப்படித் தொடங்கக் கூசுகிறது. ஒரே விடுதியில் என்னோடு படித்து, ஒரே மணல் லாரியில் ஏறி, ஒரே வெயிலில் செங்கல் கைமாற்றி, இப்போது என்னைப் போலவே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் தோழியரே என்று மட்டும் அழைக்கிறேன். பள்ளி மலருக்காக அந்த வீடு கட்டும் முகாமைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். “அன்று நீ பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது” என்று உங்களில் ஒருத்தி கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறாள். என் காதிலும் இருக்கிறது. ஆகவேதான் இத்தனை காலம் எழுதாமல் இருந்தேன்.

எழுபதுகளில் ஒரு மே மாதம். நமக்குப் பதினான்கு, பதினைந்து வயது. முந்தைய மழைக்காலத்துப் புயலில் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு குடியிருப்பின் கீற்றுக் கூரைகள் முழுவதும் பறந்துபோயிருந்தன. பங்குச் சாமியார் வெளிநாட்டு உதவி பெற்று அங்கே எட்டு ஓட்டு வீடுகள் கட்டிக்கொடுக்க முனைந்தார். சுவர் எழுப்ப ஒரு மேஸ்திரியும் அவருடைய ஆட்களும்; மணல் சலிக்கவும் கல் நனைக்கவும் சாந்துச் சட்டி தூக்கவும் நகரத்துக் கான்வென்ட் மாணவியர் நாம். நம்மை மேய்க்க, பேச்சுப் பயிற்சி தரும் சிஸ்டர்.

கடலூர் சாலையில் போய், கிருமாம்பாக்கம் தாண்டி மேற்கே திரும்பியதும் நாம் பாட்டை நிறுத்திவிட்டோம், நினைவிருக்கிறதா? லாரியின் ஈர மணல் பாவாடை வழியே குளிர்ந்தது. இருபுறமும் அறுவடை முடிந்த வயல்; வரப்புகளில் புயல் சாய்த்த தென்னைகள் எழாமலே குலை தள்ளியிருந்தன. ரோட்டுக்கு ஒரு பக்கம் சிறிய மாதா கோயில், மறுபக்கம் குடியிருப்பு. நமக்குப் படுக்கை கோயிலுக்குள். குடிதண்ணீர் கான்வென்டிலிருந்து பீப்பாயில் வந்தது. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நமக்கு ஒத்துக்கொள்ளாது என்றார் சிஸ்டர். அந்தத் தண்ணீரில் குழைத்த சாந்தைத் தொட்டோம், அதே தண்ணீரைக் குடிக்கவில்லை. குடியிருப்பில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் கைவண்ணத்தைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு வரிசை கல் வைக்க மேஸ்திரி நம்மை அனுமதித்தார் அல்லவா? மறுநாள் காலை நாம் பூசையில் மண்டியிட்டிருந்த வேளையில் அவர் அந்த வரிசைகளைப் பிரித்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மறுபடி கட்டினார். இதை எனக்குச் சொன்னவள் கடைசி வீட்டுக்காரம்மாளின் மகள்.

“நீங்க வெச்ச செவுரு வயித்துப்புள்ளக்காரி மாதிரி முன்னால தள்ளிக்கிணு நிக்குதாம். மேஸ்திரி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு.”

“சிஸ்டரிடம் சொல்லவில்லையே?”

“ஐயே, அவங்களுக்குத் தெரியாமையா? பிரிக்கத் தோதா வெறும் மண்ணு கொழைச்சு வெக்கச் சொன்னதே அவங்கதான்.”

அவளுக்கு என் வயதுதான். சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துக் கையை விட்டுவிட்டு நடப்பாள். என் இடுப்பு ஒடியும்போது என் சட்டியையும் சேர்த்து வாங்கிக்கொள்வாள். படிப்பை இரண்டாம் வகுப்போடு நிறுத்தியிருந்தாள். நான் ஓய்வு நேரத்தில் செங்கல் அடுக்குக்குப் பின்னால் நின்று சவுக்கு மரங்களைப் பார்த்துப் பேச்சுப் பயிற்சி செய்வதை ஒளிந்திருந்து கேட்டுவிட்டு, “மரமெல்லாம் தல ஆட்டுது பாரு, ஒத்துக்கிச்சு” என்பாள். அவள் சிரித்தது என்னைப் பார்த்து என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. மரங்களும் ஒப்புக்கொள்ளத் தக்க பேச்சு என்றே நம்பினேன்.

என் கர்வத்தை நீங்கள் அறிவீர்கள். அந்த ஆண்டு மட்டும் மூன்று கோப்பைகள். சிஸ்டர் கற்பித்த விதிகளை வேதபாடம் போல் மனனம் செய்திருந்தேன். எதிராளியின் கடைசி வாக்கியத்தைப் பிடித்து அவர் மீதே திருப்ப வேண்டும். அவை சிரித்தால் அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். கைவசமுள்ள ஆகச் சிறந்த சான்றைக் கடைசி நிமிடத்திற்கு வைத்திருக்க வேண்டும். தோற்பதற்கு மட்டும் அவர் எந்த விதியையும் கற்றுத்தரவில்லை.

ஒரு நண்பகல் நீங்கள் எல்லோரும் கோயிலுக்குள் படுத்திருந்தீர்கள். நான் செங்கல் அடுக்குக்குப் பின்னால், சாந்து பூசும் கரணையைக் கையில் பிடித்தபடி, சவுக்கு மரங்களுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தேன். கல் நனைக்கத் தண்ணீர்க் குடத்தோடு வந்த மகள், குடத்தை இறக்கும்போதே ஒருவிதமாக விழித்தாள். குடம் உருண்டது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை தள்ளியது. என் வாழ்நாளில் எனக்குக் குரல் எழாத முதல் தருணம் அது. எங்கிருந்தோ அவள் தாய் ஓடிவந்து, மகளை ஒருக்களித்துப் புரட்டி, என் கையிலிருந்த கரணையைப் பார்த்தார்.

“இரும்பு, இரும்பு. அதக் குடு பாப்பா.”

கரணையின் இரும்புப் பிடியை மகளின் மடங்கிய விரல்களுக்குள் திணித்து, அப்படியே தம் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். சிறிது நேரத்தில் வெட்டு அடங்கியது. மகள் நெடுந்தூரம் நடந்து வந்தவள் போல் மூச்சு வாங்கிக் கிடந்தாள். தாய் முந்தானையால் அவள் வாயைத் துடைத்தபடி, தலை நிமிராமலே என்னிடம் பேசினார்.

“பாத்தது பாத்ததோட போவட்டும் பாப்பா. சின்ன வயசுலேர்ந்து இருக்குது. வருசத்துல மூணு தபா, நாலு தபா. எப்ப வந்தாலும் வாசப்படியாண்டதான் வருது. வெளிச்சத்துல குந்திப் பூ கட்டிக்கிணே இருப்பா, சாஞ்சிடுவா. பழைய வூடு சந்துக்குள்ள இருந்துச்சு, ஒருத்தர் கண்ணுலயும் படல.”

“மருத்துவரிடம் காட்டினீர்களா?” என்று கேட்டேன்.

“சிப்மர் ஆஸ்பத்திரில மாத்தர குடுத்தாங்க. தின்னுக்கிணுதான் இருக்குறா.” குரலைத் தாழ்த்தினார். “வில்லியனூரு பக்கத்துலேர்ந்து ஒரு நல்ல எடம் வந்திருக்குது. மறைச்சுக் கட்டிக் குடுக்கறவ இல்ல நானு. கை நனைச்சுச் சம்மந்தம் முடிக்கறதுக்கு முன்ன அந்தப் புள்ளையத் தனியாக் கூப்ட்டு நானே சொல்லிடுவேன். ஆனா நான் சொல்லணும் பாப்பா. ஊரு சொல்லக் கூடாது.”

என் கழுத்தில், முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கியபோது அப்பா அணிவித்த மாதா பதக்கம் இருந்தது. கால் ரூபாய் அளவு, வெள்ளி, ஓரம் தேய்ந்திருக்கும். அதைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். சத்தியத்திற்கும் மேடையழகு வேண்டுமே எனக்கு! பதக்கத்தைக் கழற்றி மகளின் உள்ளங்கையில் வைத்து, “நான் வாக்குத் தவறாதவரை இது உன்னிடம் இருக்கட்டும்” என்றேன். களைப்பில் பாதி மூடிய கண்களோடு அவள் சிரிக்க முயன்றாள். “இதுக்கும் பேச்சுப் போட்டி பேச்சுதானா?” என்றாள்.

அந்த வாரக் கடைசியில்தான் வாசல் விவகாரம் எழுந்தது. சாமியாரின் வரைபடத்தில் எட்டு வீடுகளின் வாசலும் ரோட்டையும், ரோட்டுக்கு எதிரே இருந்த கோயிலையும் பார்த்து ஒரே வரிசையில் இருந்தன. முடிந்ததும் படம் எடுத்து உதவியவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். ஏழு வீடுகளுக்கு வாசல் நிலை வைத்தாயிற்று. எட்டாவது வீட்டுக்கு மட்டும் நிலையைப் பின்பக்கம், சவுக்குத் தோப்பைப் பார்த்து வைக்கச் சொல்லி அந்த அம்மாள் மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரிக்கு எதுவும் சம்மதமே. “எனக்கு எந்தப் பக்கமும் ஒரே கூலிதாம்மா. ஆனா நிலை நின்னுட்டா அப்பறம் திருப்ப முடியாது, சாமியக் கேட்டுக்கோ” என்றார்.

சாமியார் கெட்டவர் அல்லர். தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். பிள்ளைகளுக்கு அங்கியின் பையிலிருந்து மிட்டாய் தருவார். ஆனால் ஒரு தாய் தயங்கித் தயங்கிக் கேட்ட ஒன்று, கூட்டத்தின் பொழுதுபோக்குக்கு உகந்தது என்று அவருக்குத் தோன்றியதே, அதை இன்றுவரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

“வர்ற ஞாயித்துக்கிழம சாயங்காலம் பட்டிமன்றம் வெச்சுடுவோம்! இந்தம்மா ஒரு பக்கம், நம்ம கோப்பைக்காரப் பாப்பா ஒரு பக்கம். இந்தம்மா ஜெயிச்சா பின்வாசல். என்னம்மா, சம்மதமா?”

“தோத்திரம் சாமி. எனக்கு இன்னா பேசத் தெரியும்?” என்றார் அவர். பிறகு எதிர்த்துப் பேசப் போவது யார் என்று பார்த்து, முகம் தெளிந்தார். கூட்டம் கலைந்ததும் என் அருகில் வந்து என் தோளைத் தொட்டார்.

“நல்ல வேள, நீதான் எதிர்ல நிக்கிற. வேற யாருன்னாலும் பயமா இருக்கும்.”

நான் மறுத்திருக்கலாம். காய்ச்சல் என்று படுத்திருக்கலாம். ஐந்து நிமிடம் உளறித் தோற்றிருக்கலாம். அதுவே என் சத்தியத்தின் பொருள். ஆனால் அன்று இரவு நான் குறிப்பெடுக்க அமர்ந்தேன்.

ஞாயிறு நான்கு மணி. புங்கமரத்தடியில் சாமியாருக்கு நாற்காலி, பக்கத்தில் செங்கல் அடுக்கிய மேடை. கரும்பலகை இல்லாததால் ஏழாம் வீட்டின் பூசிய சுவரில் கரித்துண்டால் நீங்கள்தான் தலைப்பை எழுதினீர்கள்: ‘வாசல் ஊருக்கா, உள்ளிருப்போர்க்கா?’ முன்வரிசையில் பாய் விரித்து, ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். மஞ்சள் புடவை, எண்ணெய் மினுங்கும் கொண்டை. மாப்பிள்ளையின் அக்கா. வீடு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மகள் தலை குனிந்து அவருக்கு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்ததை மேடையிலிருந்து பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நான் முதலில் பேசினேன். வாசல் என்பது வீட்டின் முகம். முகத்தை முதுகுப்புறம் வைப்பார் உண்டோ. ஊரோடு ஒட்ட ஒழுகுதலே நாகரிகம். ஒளி வரும் திசையில் கதவைச் சார்த்துவது இருளுக்கு விருந்து வைப்பது. நீங்கள் தட்டினீர்கள். ஊரார் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், பறக்கும் விமானத்தைப் பார்ப்பது போல.

பிறகு அந்த அம்மாள் எழுந்தார். மேடைக்கு வரவில்லை. இருந்த இடத்திலேயே நின்று, முந்தானையை இழுத்துச் செருகினார்.

“பாப்பா நல்லாப் பேசிச்சு. எனக்குப் பாதி புரிஞ்சுது, மீதி அழகா இருந்துச்சு.”

கூட்டம் சிரித்தது.

“மொகத்த முதுகுல வெப்பாங்களான்னு கேட்டுச்சு. வூட்டுக்கு மொகம் எதுன்னு வெளிய நிக்கறவங்க சொல்லணுமா, உள்ள படுக்கறவங்க சொல்லணுமா? அந்தத் தோப்புலேர்ந்துதான் காத்து வருது. ரோட்டுலேர்ந்து வர்றது லாரி மண்ணுதான். சாமி, கோச்சுக்காதீங்க, உங்க கோயிலுக்கு முன்னால அவ்ளோ பெரிய வாசலு. பின்னால சின்னதா ஒரு கதவு வெச்சிருக்கீங்களே, அது எதுக்கு?”

“அம்மாடி, அது நான் பூசைக்கு உடுத்தப் போற அறைக்கு!” என்று சாமியார் தொடையில் தட்டிக்கொண்டார்.

“அதான் சாமி. உடுத்தறதுக்கு உங்களுக்கே ஒரு மறைவு வேண்டியிருக்குது.”

மேஸ்திரி விசிலடித்தார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். முகத்தில் பகை இல்லை. விளையாட்டில் சேர்ந்துகொண்ட ஒருத்தியின் உற்சாகமே இருந்தது.

“பாப்பா, டவுன்ல உங்க வூட்டு ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கீங்களா?”

“இருக்கிறது” என்றேன்.

“எதுக்கும்மா? ஒளி வர்ற பக்கமாச்சே. உங்களுக்குத் துணியில தொங்குது. எங்கிட்ட அவ்ளோ துணி இல்ல. அதனால செவுத்துல கேக்கறேன். அவ்ளோதான்.”

தோழியரே, அதற்கான பதிலை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். ஊரார் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். உங்களில் சிலரும் உங்களை மறந்து கைதட்டினீர்கள். சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளையின் அக்காகூட டம்ளரைக் கையில் பிடித்தபடி, வருங்காலச் சம்பந்தியம்மாளைப் பெருமையோடு பார்த்தார். அந்தப் பார்வை ஒன்றே போதும், சம்பந்தம் முடிந்த மாதிரிதான்.

எனக்குத் தொகுப்புரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. எழுத்தறியாத ஒருத்தியிடம், என் பள்ளியின் முன்னால், சிஸ்டரின் முன்னால் தோற்றுக்கொண்டிருந்தேன். விதி ஒன்று நினைவில் எழுந்தது: ஆகச் சிறந்த சான்று, கடைசி நிமிடம். குரலைத் தாழ்த்தினேன்.

“காற்றுக்காகவா இந்த வாசல்? இல்லை. இந்த அம்மையார் மறைப்பது எதை என்பதை நான் அறிவேன். தம் மகளுக்கு வரும் காக்காய் வலிப்பை ஊர் பார்க்கக் கூடாது என்பதற்காகவே பின்வாசல் கேட்கிறார். நோயை மறைப்பதற்குச் சுவரா? உண்மைக்குப் பின்வாசலா? தீர்ப்பை உங்களிடமே விடுகிறேன். நன்றி, வணக்கம்.”

நீங்கள் கைதட்டினீர்கள். குறை சொல்லவில்லை, நான் ‘நன்றி, வணக்கம்’ என்றால் தட்டுவது நம் பள்ளிப் பழக்கம். இரண்டு மூன்று தட்டலில் அது நின்றுபோயிற்று. அந்தப் பாதிக் கைதட்டல்தான் என் காதில் இருப்பது.

மாப்பிள்ளையின் அக்கா டம்ளரைப் பாயின் ஓரத்தில் வைத்தார். டீ பாதி இருந்தது. எழுந்து புடவை மடிப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று பொதுவாகச் சொல்லி ரோட்டை நோக்கி நடந்தார். மகள் மரத்தோடு மரமாக நின்றாள். தாய் என்னைத்தான் பார்த்தார். கொடுத்து வைத்த பாத்திரத்தைக் கேட்டு வந்த இடத்தில், அப்படி ஒன்றை வாங்கவே இல்லை என்று சொல்லக் கேட்டவரைப் போல் நின்றார்.

சாமியார் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு இல்லாமல் போயிற்று. நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்லிய குரலில் தீர்ப்புச் சொன்னார். “அந்தம்மா பக்கம்தான் நியாயம். அவங்க கேட்டபடியே நிலையைப் பின்பக்கம் வைக்கட்டும்.”

ஆம், நான் தோற்றேன். அதைச் செய்தும் தோற்றேன்.

“வேணாம் சாமி” என்றார் அந்த அம்மாள். “இனிமே எந்தப் பக்கம் வெச்சா இன்னா? ரோட்டப் பாத்தே வெச்சுடச் சொல்லுங்க. போட்டோவுக்காச்சும் நல்லா இருக்கும்.”

நோயை மறைத்து மணம் பேசுவது சரியா என்று கேட்டால், இரண்டு பக்கமும் நின்று என்னால் இன்றும் வாதிட முடியும். ஆனால் அந்த மாப்பிள்ளையின் நன்மைக்காக நான் வாய் திறக்கவில்லை. அவன் நினைவே எனக்கு வரவில்லை. கைதட்டல் எதிர்ப்பக்கம் போயிற்று. அது ஒன்றே காரணம்.

அன்று மாலை சிஸ்டர் என்னைத் தேற்றினார். “நீ பொய் சொல்லவில்லையே, குழந்தாய். உண்மையைத்தானே சொன்னாய்” என்று ஒரு புனிதர் படம் கொடுத்தார். பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்யும்போது தேவ கட்டளைகளான பத்துக் கற்பனைகளையும் வரிசையாக எண்ணிப் பார்த்தேன். கொலை இல்லை, களவு இல்லை, பொய்ச்சாட்சியும் இல்லை. எதன் கீழ் இதை வைப்பது என்று தெரியாமல், “வீணாக ஆணையிட்டேன்” என்று மட்டும் சொன்னேன். பரிகாரமாக மூன்று ‘அருள் நிறை மரியே’ செபம் கிடைத்தது. சொல்லி முடித்ததும் மனம் இலேசாகிவிட்டது. என் வெட்கத்தில் பெரும்பங்கு அந்த இலேசுக்கே உரியது.

மறுநாள் காலை எட்டாம் வீட்டுக்கு நிலை வைத்தார்கள். மஞ்சள் துணி சுற்றிய நிலையை இரண்டு ஆட்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அடியில் வெட்டிய குழியில் வீட்டுப் பெண் நவதானியமும் ஒரு காசும் போட வேண்டும். மகள் குனிந்து தானியத்தைத் தூவினாள்.

“காசு போடுமா” என்றார் மேஸ்திரி.

அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். என் மாதா பதக்கம். அதைத் தானியத்தின் மேல் வைத்தாள். சாந்துச் சட்டியோடு இரண்டடி தள்ளி நின்ற என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

“வெள்ளியாச்சேம்மா, காசுதான வழக்கம்?”

“இது போதும் மேஸ்திரி. வெய்யுங்க.”

நிலை அதன் மேல் இறங்கியது. மேஸ்திரி தூக்குக்குண்டு பிடித்துச் சரிபார்த்தார். நேராக நின்றது.

படம் உங்களிடம் இருக்கும். எட்டு வாசல்களும் ஒரே கோட்டில். நாம் முன்னால் வரிசையாக. வாசல்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வீட்டுக்காரர்களை ஒதுங்கி நிற்கச் சொன்னோம். ஆகவே படத்தில் அவர்கள் இல்லை. மலரில் அதை வெளியிடுவதானால், அவர்கள் ஏன் இல்லை என்பதையும் கீழே அச்சிடுங்கள்.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, கல்லூரி ஆசிரியையாக ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போகும் வழியில், நான் ஏறிய டவுன் பஸ் அந்த ரோட்டில் போயிற்று. ஓடுகள் கறுத்திருந்தன. சில வீடுகளுக்கு முன்னால் கீற்றுப் பந்தல் இறக்கியிருந்தார்கள். எட்டாம் வீட்டில் மறைப்பு எதுவும் இல்லை. கதவு அகலத் திறந்திருக்க, வாசற்படியில், முழு வெளிச்சத்தில் அவள் அமர்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி உண்டா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பஸ்ஸின் சத்தத்திற்கு அவள் தலை நிமிர்ந்தது.

நான் சட்டென்று குனிந்துகொண்டேன். ஜன்னலுக்குக் கீழே, முன்னிருக்கையின் அடியில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

“இன்னாம்மா, இன்னா வுழுந்துடுச்சு?” என்றார் கண்டக்டர்.

“ஒன்றுமில்லை” என்றேன். பஸ் அந்த வீட்டைக் கடந்து வாய்க்கால் பாலத்தின் மேல் ஏறும்வரை நான் நிமிரவில்லை.